லைட் போட்டால் சூடேறும் வண்டி

மூன்றடைப்பு தாண்டி ஓரமாக நிறுத்தி பானட்டைத் திறந்தபோது இரவு எட்டேகால் மணி. டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. கொதித்துத் தள்ளும் என்று எதிர்பார்த்துத்தான் திறந்தேன். ஆவி இல்லை, ஒழுகல் இல்லை. ரேடியேட்டர் மேல் ஹோஸைத் துணி சுற்றி அமுக்கினால் எப்போதும் போல அமுங்கியது. ஃபேன் பெல்ட் இருந்த இடத்தில் இருந்தது.

பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்து, நின்றபடியே பார்த்தேன். முள் பாதியில் நின்றது. ஹெட்லைட்டைப் போட்டு ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதித்தேன். யாரோ பின்னாலிருந்து தள்ளுகிற மாதிரி முள் மெதுவாக மேலே போனது. லைட்டை அணைத்தேன், இறங்கியது. பக்கத்தில் பெட்ரோல் முள்ளும் கூடவே கொஞ்சம் ஏறி இறங்கியது. லைட் போட்டால் தண்ணீர் சூடாவதும் பெட்ரோல் பெருகுவதும் எந்த ஊரிலும் நடக்காத காரியம். அதனால் வண்டி சூடாகவில்லை என்ற தைரியத்தில் பாளையங்கோட்டை வரை ஓட்டி வந்துவிட்டேன். கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் அந்த தைரியம் வந்தது. முள் ஏறினால் முதலில் நம்ப வேண்டியது முள்ளைத்தான்.

வண்டி 1989 அம்பாசடர், மார்க் 4, பெட்ரோல். பெரியப்பாவுடையது. உவரியில் ஓலைக் கொட்டகையில் ஆறு வருடம் நின்றது. கடலிலிருந்து வீட்டுக்கு ஒரு கூப்பிடு தூரம்தான். அவர் போன பிறகு, “வித்துராத என்ன ராசா” என்று பெரியம்மா சாவியைக் கொடுத்தார்கள். 1489 சி.சி. பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) எஞ்சின். மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையிலிருந்து வந்த வண்டி இது. மேற்கு வங்காளத்தில் உத்தரபாரா தொழிற்சாலையில் 2014 வரை இந்த உருவத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. டேஷ்போர்டு முள்ளுக்குச் சேதி அனுப்ப, தண்ணீர் சூட்டுக்கு ஒரு சென்டர் (sender), பெட்ரோல் டேங்குக்கு ஒரு சென்டர், அவ்வளவுதான். கெட்டுப்போனால் கண்டுபிடிக்க எளிது என்று நினைத்திருந்தேன்.

முள் மட்டும் பிரச்சினை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஸ்லோ ஸ்பீடும் (ஐடிலிங்) சரியில்லை. திருநெல்வேலி வண்ணார்பேட்டை சிக்னலில் நின்றால் எஞ்சின் ஒரு முறை இழுத்து, ஒரு முறை தொய்ந்து, உடம்பெல்லாம் ஆடும். சில காலைகளில் நன்றாக இருக்கும், சில காலைகளில் நின்றேபோகும். பிளக்கைக் கழற்றினால் நாலும் கரி. காலையில் செல்ஃப் மந்தமாகச் சுற்றியதை பேட்டரி பழசு என்று விட்டுவிட்டேன்.

இந்த இடத்தில் நான் செய்த தப்புகளை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் டெம்பரேச்சர் சென்டரை மாற்றினேன். ஒரு மாற்றமும் இல்லை. சென்டர் என்பது சூடு ஏற ஏற மின்தடை குறைகிற ஒரு சின்னப் பொருள், எஞ்சினில் திருகியிருக்கும். அதற்கு ஒரே ஒரு வயர். திரும்பிப் போகும் வழி எஞ்சினின் இரும்புதான். இதை எழுதும்போது எவ்வளவு தெளிவாக இருக்கிறது! அன்றைக்கு அந்த ஒற்றை வயரையே பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, திரும்பும் வழியை யோசிக்கவில்லை.

அடுத்து, யாரோ சொன்னார்கள் என்று எர்த் ஸ்ட்ராப்பைச் சோதித்தேன். இந்த வண்டியில் பேட்டரியின் மைனஸ் பாடிக்குப் போகிறது. பாடியிலிருந்து எஞ்சினுக்குப் பின்னல் போட்ட ஒரு செம்புப் பட்டை. எஞ்சின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருப்பதால், பாடிக்கும் எஞ்சினுக்கும் மின்சார உறவு அந்தப் பட்டையால்தான். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து இரண்டு முனையிலும் தொட்டேன். 0.2 காட்டியது. மீட்டர் வயரைத் தானாக ஒன்றோடொன்று தொட வைத்தாலும் அதே 0.2. சரி, எர்த் நன்றாக இருக்கிறது என்று நோட்டில் எழுதி டிக் போட்டேன். அந்த டிக் எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றது.

அந்த மூன்று ஞாயிறுகளில் ஸ்பார்க் பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட்டைச் சுத்தம் செய்து இடைவெளியை 0.015 அங்குலத்துக்கு வைத்தேன், பிளக்கை 0.025 அங்குலத்துக்கு. கண்டென்சர் மாற்றினேன். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் பிளேட்டின் பின்னல் வயர் அறுந்திருக்கிறதா பார்த்தேன், நன்றாக இருந்தது. கார்புரேட்டர் நட்டுகள் தளர்ந்திருக்குமோ என்று பலமாக முறுக்கினேன். இந்தக் கடைசி வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வண்ணார்பேட்டையில் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி இருக்கிறார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. இப்போதெல்லாம் வேலை எடுப்பதில்லை, மகன் பட்டறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி.

“காலைல சோக்க இழுத்து செல்ஃப் அடிக்கும்போது சோக் கேபிள் சுடுதா தம்பி?”

சோக் என்பது குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் கொடுக்க இழுக்கிற குமிழ். அதன் கேபிள் டேஷ்போர்டிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும். சுட்டது. இரண்டு மூன்று முறை கையில் பட்டிருக்கிறது. எஞ்சின் சூடு என்று நினைத்தேன். காலை ஐந்தரை மணிக்கு, ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், எஞ்சின் சூடு எங்கிருந்து வரும்?

“ரெண்டு முள்ளும் சேந்து நகருதுன்னா முள்ளப் பாக்காதிய. ரெண்டுக்கும் பொதுவா என்ன இருக்குன்னு பாருங்க. எர்த்த ஓம்ஸ்ல பாத்தா என்ன தெரியும்? ஒத்த இழை இருந்தாலே சைபர் காட்டும். லோடு குடுத்துப் பாக்கணும்.”

மல்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட்டுக்கு மாற்றச் சொன்னார். கருப்பு வயரை பேட்டரியின் மைனஸ் முனையில் வைக்கணும். கிளாம்பில் இல்லை, ஈய முனையிலேயே. சிவப்பு வயரை எஞ்சின் பிளாக்கில் சுரண்டிய இடத்தில். இக்னிஷன் காயிலின் வயரைக் கழற்றிவிட்டால் எஞ்சின் பிடிக்காமல் செல்ஃப் மட்டும் சுற்றும். மகன் சாவியைத் திருப்பினார். மீட்டர் 2.4 காட்டியது. நல்ல எர்த் என்றால் செல்ஃப் சுற்றும்போதுகூட கால் வோல்ட் வாக்கில்தான் இருக்க வேண்டும். பன்னிரண்டு வோல்ட்டில் இரண்டரை வோல்ட்டை அந்தப் பட்டை விழுங்கிக்கொண்டிருந்தது. பேட்டரியின் மேல் நான் போட்ட பழியை அங்கேயே வாபஸ் வாங்கினேன்.

காயில் வயரை மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட் போட்டு, கொஞ்சம் ரேஸ் செய்தோம். மீட்டர் 1.1 காட்டியது, ஆனால் முன்னால் ஒரு மைனஸ் குறி. வயரை மாற்றி வைத்துவிட்டேனோ என்று பார்த்தேன். மாற்றவில்லை.

அந்த மைனஸ் குறியில்தான் முழுக் கதையும் இருந்தது. செல்ஃப் அடிக்கும்போது மின்சாரம் எஞ்சினிலிருந்து பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்புகிறது. எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர்தான் மின்சாரம் தருகிறது. அது எஞ்சினில் போல்ட் போட்டு மாட்டியிருக்கிறது. லைட், ஹாரன் எல்லாவற்றையும் சுற்றிவிட்டு மின்சாரம் பாடியிலிருந்து எஞ்சினுக்குத் திரும்ப வேண்டும். அதே பட்டை, எதிர்த் திசை. லைட் போட்டால் கரண்ட் கூடுகிறது, பட்டையில் இழப்பு கூடுகிறது, எஞ்சின் இரும்பு பாடியைவிட ஒரு வோல்ட் கீழே இறங்குகிறது. டெம்பரேச்சர் சென்டர் எஞ்சினில் இருப்பதால் டேஷ்போர்டு மீட்டருக்கு அந்த ஒரு வோல்ட் கூடுதலாகக் கிடைக்கிறது. மீட்டருக்குத் தெரிந்ததெல்லாம் கரண்ட் கூடினால் சூடு கூடியது என்பதுதான்.

பட்டையால் முடியாத மிச்சக் கரண்ட், எஞ்சினையும் பாடியையும் தொடுகிற வேறு எந்த உலோகம் கிடைத்தாலும் அதில் போகும். இந்த வண்டியில் கிடைத்தது சோக் கேபிள்.

ஜம்ப் ஸ்டார்ட் கேபிள் ஒன்றை எடுத்து பேட்டரி மைனஸிலிருந்து நேராக எஞ்சினுக்குக் கொடுத்தார் மகன். செல்ஃப், புது வண்டி மாதிரி சுற்றியது. டெம்பரேச்சர் முள் பாதியை விட்டு ஒரு முள் அகலம்தான் ஏறியது. முழு நோயையும் இரண்டு நிமிடத்தில் காட்டுகிற சோதனை இது. உங்களிடம் மீட்டரே இல்லாவிட்டாலும் இதைச் செய்யலாம். கிளிப்பை மட்டும் பெட்ரோல் பைப்புக்குப் பக்கத்தில் மாட்டாதீர்கள், பொறி பறக்கும்.

வீட்டுக்கு வந்து பட்டையைக் கழற்றினேன். பேட்டரி மைனஸை முதலில் கழற்றிவிட்டுத்தான். நட்டு எல்லாம் அங்குலக் கணக்கு. என்னிடம் இருந்த மில்லிமீட்டர் ஸ்பேனர் செட் ஒன்றுக்கும் உதவவில்லை, அரை இஞ்ச் ஸ்பேனர் இரவல் வாங்கினேன். எஞ்சின் பக்கத்து முனையில் பின்னல் பச்சைப் பொடியாக உதிர்ந்தது. பத்துப் பதினைந்து இழைகள்தான் உயிரோடு இருந்தன. உவரிக் காற்றின் வேலை என்று அதோடு விட்டிருப்பேன். பாடிப் பக்கத்து முனையைக் கழற்றினால் வேறு ஒரு கதை. அந்த லக்குக்கு (பட்டை முனையில் போல்ட் நுழைகிற வளையம்) அடியில் கறுப்புப் பெயிண்ட், வழுவழுவென்று, ஒரு கீறல்கூட இல்லாமல்.

கிளவ் பாக்ஸில் பெரியப்பாவின் டைரி இருந்தது. எப்போது எத்தனை லிட்டர் போட்டார், எத்தனை கிலோமீட்டர் என்று எழுதிவைக்கிற பழக்கம் அவருக்கு. ஒரு பக்கத்தில், டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போட்டது, எஞ்சின் அறைக்குப் பெயிண்ட் அடித்தது என்று இருந்தது. இரண்டு பக்கம் தள்ளி, ‘முள் சரியில்லை’. அதற்குப் பிறகு அவர் முள்ளைப் பற்றி எழுதவே இல்லை. கிலோமீட்டரை வைத்தே பெட்ரோல் போட்டிருக்கிறார். அந்த வேலையை யார் செய்தார்கள் என்று டைரியில் இல்லை, இருந்தாலும் இங்கே சொல்லப்போவதில்லை. ஆல்டர்னேட்டர் வந்தால் கரண்ட் அதிகம், அப்போது எர்த்தும் தடிமனாக வேண்டும். இவர்கள் எர்த்தைப் பெயிண்டின் மேல் உட்காரவைத்திருக்கிறார்கள்.

ஜங்ஷன் பக்கத்தில் 35 சதுர மில்லிமீட்டர் வெல்டிங் கேபிள் ஒன்றரை அடியும், இரண்டு செம்பு லக்கும் வாங்கி, பட்டறையிலேயே அமுக்கித் தரச் சொன்னேன். வெல்டிங் கேபிள் எதற்கென்றால் அதில் இழைகள் மெல்லியவை, எஞ்சின் ஆட்டத்துக்கு வளைந்துகொடுக்கும். வீட்டு வயரிங்குக்குப் போடுகிற கெட்டிக் கேபிள் நாளடைவில் லக் ஓரத்தில் ஒடியும். இரண்டு முனை உட்காரும் இடத்தையும் உப்புத்தாளால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, முறுக்கிய பிறகு மேலே வாசலின் பூசினேன். முறுக்குவதற்கு முன்னால் பூசுகிறவர்களும் உண்டு. கடலோர வண்டிக்கு எப்படியோ ஒரு பூச்சு வேண்டும். மறுபடி அளந்தேன். செல்ஃப் சுற்றும்போது 0.18. ஹெட்லைட் போட்டு ஓடும்போது 0.04.

ஆனால் இரண்டு முள்ளும் சேர்ந்து ஏறுவது முழுக்கப் போகவில்லை. களக்காடு ரோட்டில் ஒரு மோசமான துண்டில் போனால் இரண்டும் கைகோத்துக்கொண்டு மேலே நகரும். டேஷ்போர்டுக்குப் பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு தகரப் பெட்டி உண்டு, வோல்டேஜ் ஸ்டெபிலைசர். உள்ளே ஒரு பைமெட்டல் துண்டு சூடாகி வளைந்து தொடர்பை விடும், ஆறித் திரும்பப் பிடிக்கும். இப்படி விட்டுவிட்டுக் கொடுப்பதால் சராசரியாக 10 வோல்ட் மீட்டர்களுக்குப் போகும். மீட்டர்களும் அதே மாதிரி சூட்டில் வளைகிறவைதான். அதனால்தான் முள் துள்ளாமல் நகர்கிறது. இந்த ஸ்டெபிலைசருக்கு எர்த், அதன் தகர உடம்பு. எர்த் போனால் உள்ளே சூடாகாது, தொடர்பு விடாது, முழு 13, 14 வோல்ட்டும் அப்படியே போய் இரண்டு முள்ளையும் தூக்கும்.

டெஸ்ட் லேம்ப்பை அதன் வெளி முனையில் கொடுத்தால் மினுக் மினுக் என்று சிமிட்ட வேண்டும். எனக்குச் சிமிட்டியது. டேஷ்போர்டை முட்டியால் ஒரு தட்டுத் தட்டினேன், சிமிட்டல் நின்று நிலையாக எரிந்தது. திருகைக் கழற்றினால் அடியில் துரு. தேய்த்துத் திருகியதோடு, தனியாக ஒரு எர்த் வயரும் இழுத்துவிட்டேன். இந்த வேலை அரை மணி நேரம். ஆனால் ஸ்டியரிங்குக்கு அடியில் தலைகீழாகப் படுத்த முதுகுவலி இரண்டு நாள்.

ஸ்லோ ஸ்பீடுக்கு வருகிறேன். எர்த் சரியானதும் ஐடிலிங்கும் சரியாகிவிடும் என்று மனதுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன். ஒரே காரணத்தில் எல்லாம் தீர்ந்துவிடுவது மாதிரி சுகம் வேறில்லை. நடந்தது நேர்மாறு. சுட்டுச் சுட்டு சோக் கேபிளின் உள் பூச்சு உருகியிருந்ததால் அதையும் மாற்றினேன். மாற்றிய அன்றைக்கு எஞ்சின் ஸ்லோ ஸ்பீடில் நிற்கவே மறுத்தது. காலை எடுத்தால் ஆஃப்.

பழுதைச் சரிசெய்ததும் வண்டி இன்னும் மோசமானால், சரிசெய்ததைச் சந்தேகிக்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. கழற்றிய பழைய கேபிளைக் கையில் வைத்துத் தள்ளிப் பார்த்தேன். கம்பி முழுக்கத் திரும்பவில்லை, உருகிய இடத்தில் கால் பங்கு மாட்டிக்கொண்டு நின்றது. அப்படியானால் இத்தனை நாளும் சோக் கால் பங்கு இழுத்தபடியே ஓடியிருக்கிறது. எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் போய்க்கொண்டிருந்தது, பிளக் கரியானது அதனால்தான். இப்போது கூடுதல் பெட்ரோல் நின்றதும் எஞ்சின் நிற்கிறது என்றால், எங்கிருந்தோ கூடுதல் காற்றும் வந்துகொண்டிருக்கிறது. ஒரு பழுது இன்னொரு பழுதுக்கு முட்டுக் கொடுத்திருந்தது. நான் அந்த முட்டுக்கம்பை உருவிவிட்டேன். சில காலை நன்றாகவும் சில காலை மோசமாகவும் இருந்தது, அன்றைக்குக் கேபிள் எந்த இடத்தில் மாட்டிக்கொண்டது என்பதைப் பொறுத்து.

உறுதிசெய்ய, எஞ்சினைச் சூடாக்கி, சோக்கைக் கையால் அரை அங்குலம் இழுத்துப் பிடித்தேன். அமைதியாக ஓடியது. விட்டேன், தள்ளாடியது. காற்று எங்கே நுழைகிறது என்று பார்க்க ஊசி போடுகிற சிரிஞ்சில் தண்ணீர் எடுத்துக்கொண்டேன். சிலர் பெட்ரோலையே அடித்துப் பார்ப்பார்கள். சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கார்புரேட்டருக்கு நேர் கீழே இருக்கிற எஞ்சினில் அது கொள்ளிக்கட்டையால் தலை சொறிகிற வேலை. வேக்கம் அட்வான்ஸ் பைப்பின் ரப்பர் முனைகளில் தண்ணீர் விட்டேன், மாற்றமில்லை. எஞ்சினுக்குள் கலவையைக் கொண்டுபோகிற மேனிஃபோல்டின் பேக்கிங் ஓரத்தில் விட்டேன், மாற்றமில்லை. கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் இருக்கிற பேக்லைட் துண்டின் ஓரத்தில் விட்டதும், தண்ணீர் உறிஞ்சப்பட்டு எஞ்சின் விக்கியது. இன்னொரு சொட்டு, இன்னொரு விக்கல்.

கழற்றி, பேக்லைட்டை ஜன்னல் கண்ணாடித் துண்டின் மேல் வைத்தேன். இரண்டு போல்ட் ஓரமும் கீழே வளைந்து, நடுவில் ஒரு தாள் நுழைகிற இடைவெளி. நட்டைப் பலமாக முறுக்கினால் ஓரங்கள்தான் அமுங்கும், நடு வாய் பிளக்கும். முன்னால் ஞாபகம் வைக்கச் சொன்ன வரி இதுதான். ஓட்டை முதலிலேயே கொஞ்சம் இருந்திருக்கும். பெரிதாக்கியது என் ஸ்பேனர்.

கண்ணாடி மேல் உப்புத்தாளைப் பரப்பி, பேக்லைட்டை எட்டு வடிவில் தேய்த்தேன். ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம் ஆனது. கார்புரேட்டரின் அடிப்பாகத்தையும் அதே மாதிரி லேசாக. பேக்கிங் இரண்டும் புதிது. நட்டை இந்த முறை இரண்டு விரல் பலத்தில், இந்தப் பக்கம் கால் சுற்று, அந்தப் பக்கம் கால் சுற்று என்று மாற்றி மாற்றி முறுக்கினேன். பெட்ரோல், காற்று அளவைச் சரிசெய்கிற மிக்ஸ்சர் ஸ்குரூவை மெதுவாக முட்டும்வரை உள்ளே விட்டு (இறுக்கினால் ஊசி முனை கெட்டுவிடும்) ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து ஆரம்பித்தேன். எஞ்சின் முழுச் சூடான பிறகு கொஞ்சம் உள்ளே, கொஞ்சம் வெளியே என்று வேகமாக ஓடுகிற இடத்தைப் பிடித்து, அப்புறம் த்ராட்டில் ஸ்குரூவால் வேகத்தைக் குறைத்தேன். பானட்டின் மேல் தண்ணீர் டம்ளரை வைத்துப் பார்த்தேன். வட்டம் வட்டமாக அதிர்ந்தது, சிந்தவில்லை. இந்த வயது அம்பாசடருக்கு அது போதும். நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு பிளக்கைப் பார்த்தபோது கரி போய் காப்பிப்பொடி நிறம் வந்திருந்தது.

வைகாசி விசாகத்துக்கு பெரியம்மாவை உவரி சுயம்புலிங்க சுவாமி கோவிலுக்கு அதே வண்டியில் கூட்டிப்போனேன். நாங்குநேரி தாண்டியதும் கை தானாக ஹெட்லைட் சுவிட்சைப் போட்டது. முள்ளைப் பார்த்தேன், பாதியில் நின்றது. அணைத்தேன், மறுபடி போட்டேன்.

“பட்டப்பகல்ல என்னத்துக்குடே லைட்டப் போட்டுப் போட்டு அமத்துத?” என்றார்கள் பெரியம்மா.